அம்மாவைக் கேட்காமல் மூட்டை கட்டிவிட்டேன்

(சென்னை வாசகி ஒருவரின் கடிதத்துக்கு உளவியல் ஆலோசகர் எழுதிய பதில். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு வயது 38. துரைப்பாக்கத்தில் ஐ.டி. வேலை. கணவரோடும் ஆறு வயது மகனோடும் மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் இருக்கிறார். அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினான்கு மாதங்களுக்கு முன் காலமானார். 69 வயது அம்மா அயனாவரத்துச் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். மூன்று மாதங்களுக்கு முன் மகள் அவரைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டார். அயனாவரம் வீட்டை பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுக்கப் பேசியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

அம்மா ஒரு கல்யாணத்துக்காகத் திருவள்ளூர் போயிருந்த இரண்டு நாளில் மகளும் மருமகனும் அயனாவரம் போய், அப்பாவின் சட்டைகள், யூனிஃபார்ம், பழைய ரேடியோ, குடை, நோட்டுப் புத்தகங்கள் என்று ஏழு மூட்டை கட்டி, இரும்பு டூல் பாக்ஸையும் சேர்த்துக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். கிடைத்தது 1,140 ரூபாய். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா வாங்கவில்லை. திட்டவும் இல்லை. மூன்று வாரமாக மகளிடம் 'ம்', 'சரி' தவிர வேறு பேச்சு கிடையாது. சாப்பாடு குறைந்துவிட்டது. மீந்த சில சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு யாரையும் தொடவிடுவதில்லை. பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து எடுத்து வைக்கிறார். கட்டிலுக்கு அடியில் இருப்பவற்றில் ஒரு நசுங்கிய டிபன் பாக்ஸும் உண்டு. அதன் மூடியில் வெட்டியிருக்கும் எழுத்துகள் வீட்டில் யாருடைய பெயரும் இல்லையாம்.

'இது பொருள்களைச் சேர்த்து வைக்கும் மனநோயா? நான் செய்தது தப்பா? வெறும் பொருள்தானே, அப்பா எங்கள் மனசில் இருக்கிறாரே! பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று நம் முன்னோர்களே சொல்லியிருக்கிறார்களே. இன்னும் சமையலறையும் பரணும் பாக்கி. எப்படிக் காலி செய்வது?' என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவைத் தனியே விடக்கூடாது என்று அழைத்து வந்திருக்கிறீர்கள். வேலை, பிள்ளை, பில்டர் கொடுத்த தேதி என்று எல்லாம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் போனில் 'சீக்கிரம் முடி' என்கிறாரே தவிர ஒரு நாள் வந்து நிற்கவில்லை. அந்தக் களைப்பு உங்கள் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் இதுதான்: ஆமாம், தப்பு. காலி செய்ய நினைத்ததில் தப்பில்லை. அந்த வீட்டை யாராவது காலி செய்துதான் ஆக வேண்டும். அம்மா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்ததுதான் தப்பு. அவர் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தீர்கள். அம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது. அவருடைய மௌனத்தில் பாதி அந்த மூட்டைகளுக்காக, மீதி பாதி இதற்காக.

'வெறும் பொருள்தானே?'

உங்கள் கடிதத்தின் நான்காவது பக்கத்தில், உங்கள் வீட்டில் தேவையில்லாத ஒரு பொருளும் கிடையாது என்று சொல்ல வந்த இடத்தில், 'என் பையனின் முதல் ஷூவும் ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டையும் தவிர' என்று எழுதியிருக்கிறீர்கள். அவை பீரோ லாக்கரில் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாளை நீங்கள் ஆபீஸ் போயிருக்கும்போது யாராவது அவற்றை எடுத்துப் போட்டுவிட்டு, 'பையன்தான் கூடவே இருக்கிறானே' என்றால் எப்படி இருக்கும்? குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அம்மாவின் மனநிலை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான் என்று காட்டத்தான் கேட்கிறேன்.

நாம் வைத்திருக்கும் பொருள்கள் நம்மைச் சேர்ந்தவை என்பதோடு நிற்பதில்லை, அவை 'நான்' என்பதன் நீட்சியாகவே ஆகிவிடுகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் ரசல் பெல்க் 1988இல் விரிவாக எழுதினார். திருட்டிலும் இயற்கைச் சீற்றத்திலும் பொருளை இழந்தவர்கள் ஏன் நெருங்கியவர் இறந்ததுபோலத் துக்கப்படுகிறார்கள் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி வீடுகளுக்குள் வந்தபோது, ஜாபர்கான்பேட்டைப் பக்கம் ஒரு முகாமில் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். டிவியும் ஃப்ரிட்ஜும் போனதை இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார்கள். கல்யாண ஆல்பத்துக்கு வந்ததும் குரல் உடைந்துவிடும். தண்ணீரில் போன சான்றிதழ்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ஆல்பத்துக்கு நகல் கேட்டு எங்கே போய் நிற்பது?

இன்னொரு ஆய்வும் உங்கள் வீட்டு நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது. மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் யூஜின் ராக்பெர்க்-ஹால்டனும் 1970களின் இறுதியில் சிகாகோ பகுதியில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம், உங்கள் வீட்டில் உங்களுக்கு மிக முக்கியமான பொருள்கள் எவை, ஏன் என்று கேட்டார்கள். தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையிடமும் கேட்டார்கள். இளையவர்கள் பாட்டுக் கருவி மாதிரி, தாங்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொருள்களைச் சொன்னார்கள். மூத்தவர்கள் புகைப்படங்களையும், ஒருவரை நினைவுபடுத்தும் பொருள்களையும் சொன்னார்கள். ஒரு பொருளை எடுத்ததும் 'இதை வைத்து என்ன செய்யலாம்' என்று நீங்கள் பார்க்கிறீர்கள். 'இது யாருடையது' என்று அம்மா பார்க்கிறார். இரண்டும் அந்தந்த வயதுக்குரிய பார்வைதான். ஆனால் அயனாவரத்தில் மூட்டை கட்டிய அன்று உங்கள் பார்வை மட்டும்தான் அங்கே இருந்தது.

அந்த டூல் பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கதவைத் தட்டியவர்களுக்குக் கதவைத் திறந்தவர் யார்? 'சாப்பிட்டுக்கிட்டு இருக்கார், இதோ வருவார்' என்று சொன்னவர் யார்? அப்பா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கும்போதெல்லாம் அம்மாவுக்கும் அந்தத் தெருவில் ஒரு மதிப்பு இருந்திருக்கும். மேடவாக்கத்து அபார்ட்மென்டில் அவரை யாருக்கும் தெரியாது. வாட்ச்மேனுக்கு அவர் உங்கள் ஃப்ளாட் நம்பரில் இருக்கும் 'பாட்டி'. தான் யார் என்பதற்கு அவரிடம் மிச்சமிருந்த சாட்சி அந்தச் சாமான்கள். 'அப்பா எங்கள் மனசில் இருக்கிறார்' என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அம்மா இழந்ததில் அப்பாவோடு அவருடைய 40 வருட வாழ்க்கையும் சேர்ந்திருக்கிறது.

நோயா என்றால்

கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்திருக்கும் அந்தப் பொருள் சேர்ப்புக் கோளாறு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் 2013இல்தான் அது தனிக் கோளாறாகச் சேர்க்கப்பட்டது. அதில் மதிப்பு இருக்கிறதா இல்லையா என்ற கணக்கே இல்லாமல் எதையும் விட முடியாது. கட்டிலில் படுக்க இடமில்லாமல், அடுப்பங்கரையில் சமைக்க இடமில்லாமல், அறைகளின் அன்றாடப் புழக்கமே நின்றுவிடும். பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கி வருடக்கணக்கில் வளரும். நீங்களோ, அயனாவரம் வீடு 'எப்போதும் துடைத்து வைத்த மாதிரி' இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு பை நிறையச் சாமான் இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஏழு மூட்டை ஒரே நாளில் மறைந்துபோனதைப் பார்த்த ஒருவர், மிச்சமிருப்பதைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறார்.

பால் கவரைக் கழுவிக் காயவைப்பதை நோயில் சேர்க்காதீர்கள். சென்னையில் அந்த வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் செய்கிற சிக்கனம் அது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று சேர்த்து வைப்பார்கள்.

ஆனால் வேறு சிலவற்றைக் கவனியுங்கள், இதில் அலட்சியம் வேண்டாம். சாப்பாடு இன்னும் குறைகிறதா, எடை இறங்குகிறதா, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்திருக்கிறாரா, 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்ற மாதிரிப் பேச்சு வருகிறதா என்று பாருங்கள். முதியவர்களின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் இப்படி மௌனமாகவும் பசியின்மையாகவும் வருவது உண்டு. அப்பா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால், துக்கம் குறையாமல் நாளெல்லாம் அழுத்துகிறதா என்பதையும் ஒரு மனநல மருத்துவர் பார்ப்பது நல்லது. மறதி புதிதாக வந்திருந்தாலோ, கெட்டுப்போன சாப்பாட்டைக்கூட எடுத்து ஒளித்து வைத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அம்மாவுக்காக மட்டும் இல்லை, உங்களுக்காகவும்.

முன்னோர் சொன்னது

'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற வரியைப் போகி அன்று எல்லோரும் சொல்கிறோம். தெருவில் பழைய பாயும் துணியும் எரிகிறபோது காதில் விழுவதால் அது வீட்டுச் சாமானைப் பற்றியது என்றே நினைத்துவிட்டோம். அது நன்னூலில் வரும் சூத்திரம். பவணந்தி முனிவர் அங்கே பேசுவது சொற்களைப் பற்றி. மொழியில் பழைய வழக்கு மறைந்து புதிய வழக்கு வருவது குற்றம் ஆகாது என்று இலக்கணம் சொல்கிறார். நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்து வருவது 'வழுவல, கால வகையினானே' என்பது. கழிவது காலத்தின் போக்கில் நடக்கிறது. ஒரு சொல்லை யாரும் மூட்டை கட்டி வெளியே போடுவதில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருந்த வாய்களே மெதுவாக விடுகின்றன. அம்மாவிடம் இந்த வரியை இதுவரை சொல்லியிருந்தால், இனி முழுதாகச் சொல்லுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்

முதலில் மன்னிப்பு. 'உன் நல்லதுக்குத்தாம்மா செய்தேன்' என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் அது மன்னிப்பாக இருக்காது, வாதமாகிவிடும். 'உன்னைக் கேட்காம செஞ்சிருக்கக்கூடாதும்மா, தப்புதான்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அன்றே அவர் பேசிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து, இந்த வாரமே அந்தக் காயலான் கடைக்குப் போங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது, துணியும் பேப்பரும் போயிருக்கும். ஆனால் நல்ல ஸ்பேனர், சுத்தியல் என்று கைக்கருவிகள் வந்தால் எடைக்குப் போடாமல் தனியே எடுத்து வைத்து விற்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டியில் ஒரு ஸ்பேனர் கிடைத்தாலும், கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கி வாருங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், தேடிப் போனோம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவரே வருவேன் என்றால் கூட்டிப் போங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதில் குடும்பங்கள் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கு மட்டும் இல்லாமல் அசையும் பொருள்களுக்கும் இது பொருந்தும். ஆகவே 'எங்க அப்பா சாமான்தானே' என்று ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. பில்டரோடு ஒப்பந்தம் போடுவதற்கு முன் அம்மாவுக்கு அதன் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் படித்துக் காட்டி, தனியாக ஒரு வக்கீலின் கருத்தையும் கேட்டுவிடுங்கள். மூட்டைகளில் போன நோட்டுப் புத்தகங்களோடு பேங்க் பாஸ்புக் ஏதாவது போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பத்து வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்களைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளம் உதவும். வீட்டின் மூலப் பத்திரங்களும் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கான பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) காகிதமும் பத்திரமாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

பாக்கி இருக்கும் சமையலறையும் பரணும்

இரண்டு மாதம் என்றால் எட்டு ஞாயிற்றுக்கிழமை. போதும். ஆனால் எட்டு முறையும் அம்மா கூட இருக்க வேண்டும். பரணில் நீங்கள் ஏறுங்கள், கீழே நாற்காலியில் அவர் உட்காரட்டும். நீங்கள் எடுத்துக் கொடுப்பதைக் கையில் வாங்கிப் பார்த்து எது எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்லட்டும். 'குப்பை' என்ற வார்த்தையை அந்த வீட்டுக்குள் யாரும் சொல்ல வேண்டாம், உங்கள் கணவரிடமும் சொல்லி வையுங்கள். போட்டோவில் கை வைத்துத் தொடங்காதீர்கள். ஒன்றுக்கு நான்காக இருக்கும் டப்பா, வாளி போன்றவற்றில் தொடங்கினால் முதல் நாளே மனம் கனக்காது.

எவர்சில்வர் பாத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் அடுத்த சண்டை வரும். 'பாத்திரக் கடையில் பழையதைப் போட்டுவிட்டு இன்டக்‌ஷனுக்கு ஏற்ற செட் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அம்மா அவற்றைப் பார்க்கும்வரை செய்யாதீர்கள். நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பில் போடும்போதே 'பேர் வெட்டணுமா?' என்று கேட்பார்கள். அந்தச் சின்ன மெஷின் கிர்ரென்று ஓடி, புள்ளி புள்ளியாக ஒரு பெயரும் தேதியும் விழும். கல்யாணம், புதுமனை, காதுகுத்து, வளைகாப்பு என்று யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்பது குடத்தின் கழுத்தில் இருக்கும். பெயர் வெட்டாத பாத்திரம் வீடு வீடாகக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். பெயர் வெட்டியதை இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுக்க முடியாது, அது அந்த வீட்டோடு நின்றுவிடும். உங்கள் அம்மாவின் பரணில் இருப்பது அவருடைய சொந்தபந்தத்தின் கணக்கு. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, 'இது யார் குடுத்தது தெரியுமா' என்று அவர் தொடங்கும்போது குறுக்கே பேசாதீர்கள். உங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கதையைச் சொல்லி முடித்த பிறகு, 'சரி, இதை அவங்க பேத்திக்கே குடுத்துடலாம்' என்று தானாகவே கையை விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பாத்திரத்துக்கும் அப்படி நடக்காது. சிலவற்றை அவர் விடவே மாட்டார். விட வேண்டாம், கொண்டு வாருங்கள்.

அதற்கு இடம்? உங்கள் ஃப்ளாட்டில் அம்மாவுக்கென்று ஒரு பீரோவோ, சுவர் அலமாரியில் முழுதாக ஒரு பக்கமோ ஒதுக்குங்கள். சாவி அவரிடம்தான் இருக்க வேண்டும், மாற்றுச் சாவி உங்களிடம் வேண்டாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று நீங்களோ பேரனோ பார்க்கக்கூடாது என்று அவருக்குத் தெரியட்டும். கட்டிலுக்கு அடியில் இருப்பது அதற்குப் பிறகு தானாக இடம் மாறும் என்று நினைக்கிறேன். பீரோவில் அடங்காத சாமானைப் பற்றி அப்போது அவரோடு பேசுங்கள், அளவு தெரிந்தபின் பேசுவது இரண்டு பேருக்குமே எளிது.

அண்ணனையும் ஒரு ஞாயிறு வரச் சொல்லுங்கள். பணம் அனுப்புகிறேன் என்றால் பணம் வேண்டாம், ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். பரணிலிருந்து இறக்கும்போது அம்மா சொல்வதைக் கேட்க அவருக்கும் உரிமை உண்டு.

அப்புறம், அந்த நசுங்கிய டிபன் பாக்ஸ். மூடியில் இருப்பது யார் பெயர் என்று அம்மாவிடம் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. 34 வருடம் ஒரே கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் பாக்ஸ்கள் மாறிப்போயிருக்கலாம். வேண்டுமென்றே மாற்றிக்கொண்டதாகவும் இருக்கலாம். இன்று இரவு சாப்பாடு ஆன பிறகு, மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு, கேளுங்கள்.